எட்டுக் கையெழுத்தில் மூடிய மடம்

கப்பல்கள் பாய்விரித்துக் காற்றை நம்பி ஓடிய காலத்தில் நடந்தது இது, கேளுங்கள். வடகடலுக்கு அப்பால், ஆண்டில் ஐந்து மாதம் பனி கொட்டும் ஒரு தேசத்தைக் கோன்ராது என்ற அரசன் ஆண்டுவந்தான்.

அந்தத் தேசத்தில் மலைக்கு ஒன்று, ஆற்றுக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்று என்று கத்தோலிக்கத் துறவிகளின் மடங்கள் நிறைந்திருந்தன. சில மடங்களில் உண்மையான பக்தி இருந்தது. சில மடங்களில் பழக்கம் மட்டும் இருந்தது. சில மடங்களில் நல்ல சாப்பாடு மட்டும் இருந்தது.

அப்போது புதுப் போதனை ஒன்று பரவியது. கடவுளைத் தேட மதில் எதற்கு, மணி எதற்கு, துறவு உடை எதற்கு என்று சந்தைகளில் நின்று பேசினார்கள். மக்களில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். அரசனும் தலையாட்டினான். அவனுக்கு வேறொரு காரணமும் இருந்தது. எல்லையில் போர் மூண்டிருந்தது. பீரங்கி வார்க்க வெண்கலம் வேண்டும். மடத்து மணிக்கூண்டுகளிலோ வெண்கலம் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் காய்ச்சலுக்கு மருந்தும் பஞ்சத்துக்குக் கஞ்சியும் கொடுத்த வாசல்கள் அவை. வாளெடுத்து மூடினால் ஊர் கொதிக்கும். அரசன் யோசித்து ஒரு கட்டளை எழுதினான்.

"இனி எந்த மடமும் புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது. மடத்தில் தங்கியிருப்போர் அனைவரும் தாமே விரும்பிக் கையெழுத்திட்டால் அந்த மடம் மூடப்படும். ஒருவர் மறுத்தாலும், அவர் உயிரோடு இருக்கும்வரை அது திறந்திருக்கும்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அந்தக் கட்டளையை எடுத்துக்கொண்டு மடம் மடமாகப் போக லாம்பெர்த் என்ற அதிகாரியை நியமித்தான் அரசன்.

லாம்பெர்த் மெலிந்தவன், மெதுவாகப் பேசுகிறவன், யாரையும் அதட்டாதவன். அவனுக்கு ஒரு பெருமை உண்டு. வாழ்நாளில் ஒரு பொய்யும் சொன்னதில்லை என்பான். அது உண்மைதான். அவன் போன மடங்களெல்லாம் ஒரு வாரத்துக்குள் மூடின. அதுவும் உண்மைதான்.

மலைச்சரிவில் ஊற்றுமேடு என்ற இடத்தில் கன்னியர் மடம் ஒன்று இருந்தது. ஒரு காலத்தில் அங்கே நாற்பது சகோதரிகள் இருந்தார்கள். கொள்ளைநோயில் பலர் இறந்தார்கள். புதுப் போதனையைக் கேட்டுச் சிலர் வெளியேறினார்கள். புதிதாக யாரும் வரவில்லை. லாம்பெர்த் வந்தபோது மிஞ்சியிருந்தவர்கள் ஒன்பது பேர்.

நாற்பது பேருக்குக் கட்டிய வீட்டில் ஒன்பது பேர் இருந்தால் ஒருவரை ஒருவர் எவ்வளவு நெருங்கியிருக்க வேண்டும்? அவர்கள் நெருங்கவில்லை. ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். யார் வீண்செலவு செய்கிறாள், யார் செபத்தில் தூங்குகிறாள், அடுத்து யார் ஓடிப்போவாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். லாம்பெர்த் உழ வேண்டியிருக்கவில்லை என்று சொல்லலாம். நிலம் ஏற்கெனவே உழுதுதான் கிடந்தது.

மடத்துத் தலைவி ஓத்திலியா தாயார். நல்லவர், ஆனால் நாலு பேர் முகம் சுளித்தால் தன் பேச்சை மாற்றிக்கொள்கிறவர். மருந்தறையைக் கவனித்தவள் வால்புர்கா. எல்லாரிடமும் இனிமையாகப் பேசுவாள், எல்லாரும் அவளிடம் போய் அழுவார்கள். ரொட்டி சுடுகிறவள் குனிகுந்தா. அவளிடம் யாரும் போய் அழுவதில்லை. மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். "உங்கள் பாட்டு இன்று சகிக்கவில்லை" என்று பூசை முடிந்ததும் சொல்லுவாள். அதனால் அவளை யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது.

லாம்பெர்த் வந்து கட்டளையை எல்லார் முன்னிலையிலும் உரக்கப் படித்தான். பிறகு, "ஒவ்வொருவரிடமும் தனியாக ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்" என்றான். விருந்தினர் அறையில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான்.

முதல் நாள் நடந்தது இது.

ஒவ்வொரு சகோதரியாக உள்ளே போனார்கள். "அரசர் அனுமதி கொடுத்தால் மடத்தை விட்டுப் போவீர்களா?" என்று கேட்டான். ஒருத்தி, "தாயார் என்ன சொல்கிறாரோ அதுதான்" என்றாள். ஒருத்தி, "மற்றவர்கள் போனால் நான் மட்டும் இருந்து என்ன செய்வது?" என்றாள். வால்புர்கா, "கடவுள் சித்தம்" என்றாள். தாயார்கூட, "பிள்ளைகளின் விருப்பத்தைக் கேட்க வேண்டும்" என்றார். ஆளுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

கடைசியாகக் குனிகுந்தா போனாள். கையில் மாவு ஒட்டியிருந்தது.

"போவீர்களா?"

"போகமாட்டேன்."

"எல்லாரும் போய்விட்டால்?"

"அப்போதும் போகமாட்டேன். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் கடவுளிடம் ஒரு வார்த்தை கொடுத்தேன், ஐயா. எல்லாரோடும் சேர்ந்து கொடுக்கவில்லை. நான் கொடுத்தேன்."

லாம்பெர்த் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, "உட்காருங்கள் சகோதரி, ஒரு கடிதம் எழுதி முடித்துவிடுகிறேன்" என்றான். உட்கார்ந்தாள். அவன் எழுதினான். மணல் கடிகாரத்தில் மணல் முழுவதும் இறங்கியது. அதைத் திருப்பி வைத்துவிட்டு மறுபடி எழுதினான். ஒரு வார்த்தையும் பேசவில்லை. சாப்பாட்டு மணி அடித்தபோது, "நீங்கள் போகலாம்" என்றான்.

வெளியே முற்றத்தில் எட்டுப் பேரும் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவ்வளவு நேரம் என்ன பேசினாய்?" என்று வால்புர்கா கேட்டாள்.

"ஒன்றும் பேசவில்லை. அவர் எழுதினார். நான் உட்கார்ந்திருந்தேன்."

வால்புர்கா புன்னகை செய்தாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மற்றவர்கள் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்தினாள்.

லாம்பெர்த் பொய் சொல்லவில்லை. உண்மையையும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் நடந்தது இது.

சாப்பாட்டு அறையில் எல்லாரும் கூடியிருந்தார்கள். லாம்பெர்த் எழுந்து நேராகக் குனிகுந்தா இருந்த இடத்துக்குப் போனான். தலை தாழ்த்தி வணங்கினான். "நேற்று நீங்கள் தெளிவாகப் பேசினீர்கள், சகோதரி. என் வேலை எளிதாயிற்று. நன்றி" என்றான்.

குனிகுந்தாவின் முகம் சிவந்தது. "போகமாட்டேன் என்றேன். அதற்கா நன்றி?" என்று கேட்க வாயெடுத்தாள். ஆனால் சாப்பாட்டு அறையில் பேசாதிருப்பது மடத்து விதி. வாயை மூடிக்கொண்டாள். விதியை மீறியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவளுக்கு அது தெரியவில்லை.

'ஒன்றும் பேசவில்லை என்றாளே, இவன் தெளிவாகப் பேசினாள் என்கிறானே' என்று எட்டுப் பேர் மனதிலும் ஒரே எண்ணம் ஓடியது. அன்று அவள் சுட்ட ரொட்டியைப் பாதிப் பேர் தொடவில்லை.

லாம்பெர்த் பொய் சொல்லவில்லை. உண்மையையும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் நடந்ததைச் சொல்லுமுன் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மடத்தில் பூசைக்குரிய பழைய வெள்ளிக் கிண்ணம் ஒன்று இருந்தது. கொள்ளைநோய்க் காலத்தில் இறந்துகொண்டிருந்தவர்களின் உதட்டுக்கு அதைத்தான் கொண்டுபோனார்கள். அதிகாரி வருகிறான் என்று கேள்விப்பட்டதும் அதை ரொட்டி சுடும் அறையின் சுவரில் வைத்துப் பூசி மறைத்துவிட்டார்கள். இடம் தெரிந்தவர்கள் மூன்று பேர்: ஓத்திலியா தாயார், வால்புர்கா, குனிகுந்தா.

மூன்றாம் நாள் காலையில் லாம்பெர்த் எல்லாரையும் அழைத்துக்கொண்டு மடத்தைச் சுற்றிப் பார்த்தான். ரொட்டி அறைக்கு வந்ததும் நின்றான். சுவரில் ஓரிடத்தை விரல் முட்டியால் மூன்று முறை தட்டினான். அவனோடு வந்த சேவகன் உளியை வைத்து உடைத்தான். கிண்ணம் வெளியே வந்தது.

அவனுக்கு எப்படித் தெரிந்தது? லாம்பெர்த்தின் அப்பா கொத்தனார். புதுச் சுண்ணாம்புக்கும் பழைய சுண்ணாம்புக்கும் நிற வேற்றுமை அவனுக்குச் சிறு வயதிலேயே பழக்கம். அடுப்புப் புகை படிந்த கறுத்த சுவரில் ஒரு சாண் இடம் மட்டும் வெளுத்திருந்தது. அவ்வளவுதான்.

ஆனால் அவன் எதுவும் விளக்கவில்லை. கிண்ணத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டான். சகோதரிகள் உடைந்த சுவரைப் பார்த்தார்கள். பிறகு குனிகுந்தாவைப் பார்த்தார்கள். ஒருவராவது அவன் பின்னால் போய், "ஐயா, உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்கவில்லை.

லாம்பெர்த் பொய் சொல்லவில்லை. உண்மையையும் சொல்லவில்லை.

அன்று பிற்பகலே தாயார் கூட்டம் கூட்டினார். குனிகுந்தாவை நடுவில் நிற்க வைத்தார்கள்.

"அந்த அறையில் என்ன பேசினாய்?" என்று கேட்டார் தாயார்.

"போகமாட்டேன் என்று சொன்னேன். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை."

"உனக்கு ஏன் நன்றி சொன்னார்?"

"அதை அவரிடம்தான் கேட்க வேண்டும். வாருங்கள், எல்லாரும் போய்க் கேட்போம்."

"அவரிடம் போய்க் கேட்பதா? அவர் உன்னைக் காட்டிக்கொடுப்பாரா?" என்றாள் ஒருத்தி. வேறொருத்தி சிரித்தாள்.

"கிண்ணம் இருந்த இடத்தை யார் சொன்னது?" என்று கேட்டார் தாயார்.

குனிகுந்தா சுற்றிலும் பார்த்தாள். இருபத்திரண்டு வருடம் தான் சுட்ட ரொட்டியைத் தின்றவர்களின் முகங்கள். ஒன்றிலும் இரக்கம் இல்லை. அவளுக்குக் கோபம் வந்தது.

"எனக்கு மட்டுமா தெரியும்? வால்புர்காவுக்கும் தெரியும்" என்றாள்.

சொன்னவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொன்னது சொன்னதுதான். வால்புர்காவின் முகம் வெளுத்தது. அவள் அருகில் உட்கார்ந்திருந்த சகோதரி மெல்ல ஒரு முழம் நகர்ந்துகொண்டாள்.

மடத்து வழக்கப்படி வாக்கெடுத்தார்கள். இருக்கலாம் என்றால் வெள்ளை அவரை விதை, வெளியேற்ற வேண்டும் என்றால் கறுப்பு அவரை விதை. மூடிய சட்டிக்குள் எட்டுப் பேரும் கையை விட்டுப் போட்டார்கள். கவிழ்த்துப் பார்த்தபோது ஏழு கறுப்பு, ஒரு வெள்ளை.

வெள்ளையைப் போட்டவர் யார் தெரியுமா? ஓத்திலியா தாயார்தான். ரொட்டி சுடுகிறவள் அப்படிச் செய்திருக்கமாட்டாள் என்று அவர் உள்மனம் சொன்னது. விரல்கள் அதற்குக் கீழ்ப்படிந்தன. வாய் கீழ்ப்படியவில்லை. ஏழு கறுப்பைக் கண்டதும், "சபை தீர்மானித்துவிட்டது" என்று மட்டும் சொன்னார்.

குனிகுந்தா வாதாடவில்லை. ஒரு பழைய சால்வை, ஒரு செபமாலை, அவ்வளவையும் மூட்டை கட்டினாள். வாசலில் நின்று, "அடுப்பில் இரண்டாம் ஈடு ரொட்டி இருக்கிறது, கருகவிடாதீர்கள்" என்றாள். மலைப்பாதையில் இறங்கிப் போனாள்.

விருந்தினர் அறைச் சன்னலிலிருந்து லாம்பெர்த் அவள் போவதைப் பார்த்தான். பேனாவைத் துடைத்து வைத்தான்.

குற்றவாளி போய்விட்டாள், இனி மடத்தில் நிம்மதி இருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? அவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் மறுநாளே ஒரு கேள்வி எழுந்தது. வெள்ளை அவரையைப் போட்டவள் யார்? குனிகுந்தாவுக்குத் துணை நின்றவள் உள்ளேதான் இருக்கிறாள். யார் அவள்?

வால்புர்காதான் என்றார்கள் சிலர். அவள் பெயரைத்தானே குனிகுந்தா சொன்னாள் என்றார்கள். இல்லை, கண் மங்கிய முதிய சகோதரி நிறம் தெரியாமல் போட்டிருப்பாள் என்றார்கள் வேறு சிலர். எனக்குக் கண் தெரியும் என்று அந்த முதியவள் அழுதாள். தாயாருக்கு எல்லாம் தெரியும். அவர் பேசவில்லை. பேசினால் தன்மேலும் சந்தேகம் திரும்பும் என்று பயந்தார்.

மருந்தறைக்கு யாரும் போகவில்லை. வால்புர்கா கொடுக்கும் கஷாயத்தை வாங்கி மறைவில் கொட்டினார்கள். அறைகளுக்கு உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டார்கள். கோயிலில் எட்டுக் குரல்கள் எட்டு விதமாகப் பாடின. ரொட்டி சுட ஆளில்லாமல் கூழ் காய்ச்சிக் குடித்தார்கள். அதையும் அவரவர் சட்டியில் தனியாகக் காய்ச்சினார்கள்.

மூன்று நாள் இப்படிப் போனது. அதற்கடுத்த நாள் காலை லாம்பெர்த் முற்றத்தில் மேசை போட்டுத் தாளை விரித்தான். மைக்கூட்டைத் திறந்து வைத்தான். ஒருவரையும் கூப்பிடவில்லை.

முதலில் வால்புர்கா வந்தாள். "இந்த வீட்டில் இனி நான் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அவள் போட்டதைப் பார்த்து மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். இப்படிப்பட்டவர்களோடு இருப்பதைவிட அண்ணன் வீட்டில் அடுப்பு ஊதலாம் என்று ஒவ்வொருத்தியும் நினைத்தாள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கடைசியில் தாயார் வந்தார். ஏழு பெயர்களையும் படித்தார். எட்டாவதாகத் தன் பெயரை எழுதினார். மணிக்கூண்டுச் சாவியையும் கோயில் சாவியையும் மேசைமேல் வைத்தார்.

எல்லாம் முடிந்த பிறகுதான் அவருக்குக் கேட்கத் தோன்றியது. இழக்க ஒன்றும் மிச்சமில்லாதபோது பயமும் போய்விடும் போலிருக்கிறது.

"ஐயா, ஒன்று கேட்கிறேன். கிண்ணம் இருந்த இடத்தை உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லவில்லை, அம்மா. சுவரைப் பார்த்தால் தெரிந்தது. புதுச் சுண்ணாம்பு."

தாயார் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "குனிகுந்தா அன்று உங்களிடம் என்ன சொன்னாள்?"

"போகமாட்டேன் என்றார். ஒன்பது பேரில் அப்படிச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அவர் மதிலுக்கு உள்ளே இருந்தவரை இந்தத் தாள் வெறும் தாள்தான். அவரை வெளியேற்ற எனக்கு அதிகாரம் கிடையாது. உங்களுக்கு இருந்தது."

"இதையெல்லாம் ஏன் எங்களிடம் சொல்லவில்லை?"

லாம்பெர்த் தாளின் மேல் மணலைத் தூவி ஈரத்தை உலர்த்தினான். "ஒரு வாரமாக இந்த முற்றத்தில்தானே இருக்கிறேன், அம்மா. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை" என்றான்.

"அவளை இப்போதே அழைத்து வருகிறேன். அவள் கையெழுத்துப் போடமாட்டாள்."

"கட்டளை, மடத்தில் தங்கியிருப்போரைப் பற்றியது. அவர் இன்று இங்கே தங்கியிருக்கவில்லை."

அன்று மதியம் எட்டுப் பேரும் மலைப்பாதையில் இறங்கினார்கள். அடிவாரத்தில் மாவரைக்கும் ஆலை ஒன்று இருந்தது. ஆலைக்காரன் வீட்டில் வேலைக்குச் சேர்ந்திருந்த குனிகுந்தா, மாவு பிசைந்தபடி அவர்கள் வருவதைப் பார்த்தாள். எண்ணிப் பார்த்தாள். எட்டுப் பேர். மேலே யாரும் இல்லை என்று புரிந்துகொண்டாள்.

"எல்லாரும் போட்டுவிட்டீர்களா?" என்று கேட்டாள்.

"போட்டுவிட்டோம்" என்றார் தாயார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். மற்ற ஏழு பேரும் அப்போதுதான் முழுவதையும் கேட்டார்கள்.

"முகத்துக்கு நேரே பேசுகிற நீ முதுகுக்குப் பின்னால் பேசியிருப்பாய் என்று எப்படி நம்பினோம்?" என்றாள் வால்புர்கா.

"நானும்தான் உன் பெயரை இழுத்தேன். நீ சொல்லியிருக்கமாட்டாய் என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் சொன்னேன்" என்றாள் குனிகுந்தா.

தாயார் தலை குனிந்து, "அந்த வெள்ளை அவரையைப் போட்டது நான்தான், குனிகுந்தா" என்றார். அவருக்கு அதைச் சொன்னால் ஒரு ஆறுதல் கிடைக்கும் என்று தோன்றியிருக்க வேண்டும்.

குனிகுந்தா மாவிலிருந்து கையை எடுக்கவில்லை. "சட்டிக்குள் போட்டதை வாயால் சொல்லியிருக்கலாமே, அம்மா" என்றாள்.

குனிகுந்தா அவர்களைத் துரத்தவில்லை. கட்டித் தழுவவும் இல்லை. "வெளியே குளிர் அதிகம், உள்ளே வாருங்கள்" என்று மட்டும் சொன்னாள். ரொட்டி வெந்ததும் எட்டாகப் பிட்டுக் கொடுத்தாள். அவர்கள் பல நாளுக்குப் பிறகு ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மேலே மலையில் மணியைக் கயிறு கட்டி இறக்கினார்கள். இறங்கும்போது அது எங்கோ மோதி ஒரு முறை ஒலித்தது. ஒருவரும் தலை நிமிரவில்லை.

மறுநாள் பிரிந்து போனார்கள். சிலர் உறவினர் வீடுகளுக்கு, சிலர் கூலி வேலைக்கு. மடத்துக் கூரையைப் பிரித்து அரசனின் ஆட்கள் எடுத்துப் போனார்கள். சுவர்க் கல்லை ஊரார் எடுத்துத் தொழுவம் கட்டினார்கள். ஆலைக்காரன் வீட்டில் குனிகுந்தா இன்னும் முப்பத்தொரு வருடம் உயிரோடு இருந்தாள். அவள் ஒருத்தி உள்ளே இருந்திருந்தால், அரசனின் கட்டளைப்படி அந்த முப்பத்தொரு வருடமும் ஊற்றுமேட்டு மடத்தின் கதவு திறந்திருக்கும்.

கேட்டவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: ஒருவர்மேல் சந்தேகம் வந்தால் அன்றே நேரில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள், கேட்காமல் வளர்த்த சந்தேகம் பகைவன் கை வைக்குமுன்பே உங்கள் வீட்டை உங்கள் கையாலேயே மூட வைத்துவிடும்.